எதற்கு ஈடு இல்லை?



ஐப்பசி பிறந்துவிட்டால் நம்முடைய கம்மாபுரம் பக்கத்து ஜனங்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கம் தானாகவே வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், நம்முடைய கடலூர் மாவட்டக் கடலோரத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல் வந்து பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. கூரை வீடுகளைக் கேட்கவே வேண்டாம். 2015 நவம்பரில் வெள்ளம். 2024-ல் பெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைமீறி ஊருக்குள் வந்தது. ஆகவே மழைக்கு முன்னமே ஒவ்வொரு குடும்பமும் ஒரு பையை ஆயத்தமாய்க் கட்டி வைப்பது நல்லது என்று எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் பேசிக்கொண்டோம்.

உடனே ஒரு சகோதரி கேட்டார்கள்: "ஒரே ஒரு பைன்னா, அதுல எதைங்க பிரதர் வைக்கிறது?"

ஒருத்தர் பத்திரம் என்றார். ஒருத்தர் பணம் என்றார். ஒரு வாலிபத் தம்பி "சார்ஜர்" என்று சொல்ல எல்லாரும் சிரித்தோம். மூலையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும், "எனக்குப் பையெல்லாம் வேணாம்ப்பா. அவரு சட்டை ஒண்ணு இருக்கு, அது போதும்" என்றார்கள். அவர்களுடைய புருஷன் மரித்து பல வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பிரியமானவர்களே, இதைக் குறித்து நான் அதிகமாய் யோசித்தேன். விலை அதிகமான பொருள் எது என்று கேட்டால் பதில் சுலபம், கடைக்காரனே சொல்லிவிடுவான். ஈடு இல்லாத பொருள் எது என்று கேட்டால் கடைக்காரனுக்குத் தெரியாது. இரண்டும் வேறு வேறு கேள்வி. நாம் அவசரத்தில் ஒன்றுக்குப் பதிலாக மற்றதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

நம்முடைய பேச்சிலேயே இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி கைமாத்தாக வாங்குகிறோம். திருப்பிக் கொடுக்கும்போது அதே அரிசியையா கொடுக்கிறோம்? அதைத்தான் பொங்கிச் சாப்பிட்டாச்சே! வேறு ஒரு படி அரிசி கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. அதே வீட்டில் மண்வெட்டி வாங்கினால் அது கைமாத்து இல்லை, இரவல். அதே மண்வெட்டிதான் திரும்பப் போகவேண்டும். ஒருவேளை தொலைந்துபோனால் புதிது வாங்கிக் கொடுக்கிறோம்; பெரும்பாலும் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டில் "புதுசு எதுக்குங்க, அது எங்கப்பா பிடி போட்ட மம்பட்டி" என்று முகம் வாடிப்போகும். கவனியுங்கள். புதியது பழையதைவிட நல்ல மண்வெட்டியாகவே இருக்கும். இருந்தும் குறை தீரவில்லை. எந்த இடத்தில் புதியதைக் கையில் வாங்கின பிறகும் குறை தீரவில்லையோ, அந்த இடத்தில்தான் ஈடு இல்லாத பொருள் இருக்கிறது.

பேங்கில் பணம் போடுகிற யாரும் "நான் போட்ட அதே நோட்டைத்தான் எனக்குத் தரணும்" என்று கேட்பதில்லை. அதே பேங்கில் அடகு வைத்த வளையலுக்குப் பதிலாக அதே எடையில் வேறு வளையலைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவோமா? கவுண்டரிலேயே சண்டை நடக்கும். எடை ஒன்று, மாற்று ஒன்று, விலை ஒன்று. ஆனாலும் "இது என்னுது இல்ல."

முதலில் காகிதங்களைப் பார்ப்போம். பையில் எல்லாரும் முதலில் வைப்பது அதைத்தான். வைக்கவும் வேண்டும். ஆனால் அவை ஈடு இல்லாதவைகளா? கிரயப் பத்திரம் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கலாம். பட்டா சிட்டா இன்றைக்குக் கம்ப்யூட்டரிலேயே எடுக்கலாம். மார்க் ஷீட் போனாலும் வழி இருக்கிறது. 2015 வெள்ளத்திற்குப் பிறகு சான்றிதழ்களை இழந்தவர்களுக்கென்று அரசாங்கமே சிறப்பு முகாம் போட்டு, கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது. காரணம் என்னவென்றால், நம்மிடத்தில் இருக்கிற காகிதத்துக்கு ஒரு இரட்டைப் பிள்ளை ஏதோ ஒரு அலுவலகத்துப் பீரோவில் இருக்கிறது. ஆகவே நம் கையில் இருப்பது தண்ணீரில் போனாலும் அது சொல்லுகிற செய்தி போய்விடுவதில்லை.

ஆனாலும் இதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. "நகல் வாங்கிக்கலாம்" என்று சொல்லுகிறவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற ஒரு சகோதரிக்கு விருத்தாசலத்துக்கு ஐந்து நடை போய்வருவது என்றால் ஐந்து நாள் கூலி போச்சு, பஸ் சார்ஜ் போச்சு, "நாளைக்கு வா" என்கிற வார்த்தையும் கேட்டாச்சு. தையல் மெஷினை வைத்து வயிறு கழுவுகிற குடும்பத்துக்கு அந்த மெஷின் போனால், கடையில் ஆயிரம் மெஷின் இருந்தும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. முகாமுக்கு வரச் சொன்னால் மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்களைப் பார்த்து "மாடா உயிரா" என்று கோபப்படுகிறோம். அவர்களுக்கு அந்த மாடு பிள்ளையின் படிப்பு, கடனுக்கு வட்டி, காலை காப்பி எல்லாம். ஈடு இருக்கிறதா என்கிற கேள்வியோடு, யாருக்கு ஈடு இருக்கிறது என்கிற கேள்வியும் வருகிறது. வசதி உள்ளவர்கள் "பொருள்தானே, போனா போவுது" என்று சொல்லுவதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்ளக்கூடாது. பல நேரம் அது வசதிதான்.

சரி, நகை? நம்மில் அநேகர் ஞானஸ்நானத்தோடு நகையைக் கழற்றி வைத்தவர்கள். ஆகையால் இந்தப் பகுதியைச் சீக்கிரமாய்க் கடந்துவிடலாம். பொன் என்பது பொருள்களிலேயே அதிகமாய் ஈடு உள்ள பொருள். உருக்கினாலும் பொன், அடித்தாலும் பொன். பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்குச் செயின் செய்தால் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாமல் எல்லாம் இருக்கும், பாட்டியின் அட்டிகை மட்டும் இருக்காது. நம் தாய்மார்களில் சிலர் நகையைக் கழற்றின அன்றைக்கு அழுதது பொன்னுக்காக அல்ல, அதைப் பூட்டிவிட்ட கைக்காக. அதைப் பற்றின்மை இல்லாத குணம் என்று யாரும் கடிந்துகொள்ள வேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நகை நமக்குச் சோதனையாக இல்லாமல் இருக்கலாம். நம்முடைய சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்திலே வேதாகமத்தைப்போல ஈடு உள்ள புத்தகம் வேறு உண்டா? கடையில் கேட்டால் அன்றைக்கே கிடைக்கும். வாங்க வழியில்லை என்றால் சபையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு எழுத்து வித்தியாசம் இருக்காது. இங்கேயிருந்து தெற்கே, தரங்கம்பாடியில், சீகன்பால்க் ஐயர் 1715-ல் தமிழிலே புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார். அச்சு என்பது என்ன? ஒன்று அழிந்தால் இன்னொன்று என்று ஏற்பாடு பண்ணி வைப்பது. ஓலைச்சுவடி காலத்தில் ஒரு வீடு எரிந்தால் ஒரு நூலே அழிந்துபோகக் கூடியதாக இருந்தது. அச்சு வந்தபிறகு வீடு எரியும், நூல் எரியாது.

யாழ்ப்பாணத்தில் அதைக் கண்ணாரக் கண்டார்கள். 1981 மே 31 இரவு அங்கே பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் எரிந்தன. பிற்பாடு கட்டிடத்தைத் திரும்பக் கட்டினார்கள், நூலகம் இன்று நடக்கிறது, அலமாரிகளில் புத்தகம் இருக்கிறது. எரிந்த அச்சுப் புத்தகங்களில் எத்தனையோ வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தன. இரண்டாம் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் எங்கேயிருந்து வரும்? அவைகளில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

இப்பொழுது உங்கள் கையில் இருக்கிற அந்த வேதாகமத்துக்கு வாருங்கள். அதை வாங்கினது உங்கள் தாயார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதி, நேரம். ஓரத்தில் பென்சில் கோடு. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு சங்கீதத்துக்குப் பக்கத்தில் தேதி மட்டும் போட்டு, ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். விளக்கெண்ணெய்க் கறை ஒன்று. அட்டை கிழிந்து, கலியாணப் புடவை ஓரத்துணியால் தைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கிற வேதாகமத்தில் வசனம் எல்லாம் இருக்கும், இது ஒன்றும் இருக்காது. பாருங்கள், ஒரே புத்தகம்தான். வசனத்துக்காக வைத்திருந்தால் அதற்கு எங்கும் ஈடு உண்டு. தாயாருக்காக வைத்திருந்தால் எங்கும் ஈடு இல்லை. ஆகவே ஈடின்மை என்பது பொருளின் தாளிலோ மையிலோ இல்லை. அந்தப் பொருளோடு நடந்து முடிந்துபோன வாழ்க்கையில் இருக்கிறது. நடந்தது திரும்ப நடக்காது. அதனால் அதன் சாட்சியும் திரும்பக் கிடைக்காது.

இதற்கு ஒரு ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும். "பிரதர், பூமிக்குரிய பொருளில் இவ்வளவு பாசம் வைக்கலாமா? லோத்தின் மனைவியை நினைக்கவேண்டாமா?" நியாயமான கேள்வி. திரும்பிப் பார்த்து நின்றதினால் உயிரை இழந்தவர்கள் சுனாமியிலும் உண்டு, வெள்ளத்திலும் உண்டு. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு ஒரு பொருளுக்காகவும் உள்ளே திரும்பிப் போகக்கூடாது. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு முன்னால் எந்தச் சட்டையும் சட்டைதான். ஆனால் பவுல் அப்போஸ்தலனைப் பாருங்கள். எல்லாவற்றையும் நஷ்டமென்று விட்டுவிட்ட அந்த மனுஷன், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது என்ன கேட்கிறார்? துரோவாவிலே கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோல் சுருள்கள். குளிர்காலம் வருவதற்குள் வந்துவிடு என்றும் சொல்லுகிறார். குளிருக்கு ரோமாபுரியில் வேறு போர்வையே கிடைக்காதா? கிடைத்திருக்கும். புத்தகத்தையும் சுருளையும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சுருள்களில் என்ன இருந்தது என்று வேதம் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் மரணத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதின ஒரு கடிதத்தில் அந்தப் பொருட்களுக்கு இடம் கொடுத்தார். நாம் அவரைவிட ஆவிக்குரியவர்களாகிவிட முயற்சிக்க வேண்டாம்.

இதிலே எனக்கு மிகவும் பாரமாக இருக்கிற காரியம் வேறொன்று. நம்முடைய பொருளை நாம் தீர்மானிப்பது ஒரு பக்கம். அடுத்தவர்களுடைய பொருளை நாம் தீர்மானிக்கிறோமே!

நம் வீடுகளில் நடக்கிறதுதான். பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறோம். வயதான தாயாரின் டிரங்குப் பெட்டியை மகன் திறக்கிறான். உள்ளே என்ன? ஒரு பழைய சட்டை, பால் சங்கு, உடைந்த மூக்குக் கண்ணாடி, மூன்று கடிதம், ஒரு ஆடியோ கேசட். "எல்லாம் குப்பை" என்று மருமகள் சாக்கில் கட்டுகிறாள். கெட்ட எண்ணத்தினால் அல்ல, அவர்கள் அம்மாவுக்குப் புது பீரோவே வாங்கியிருக்கிறார்கள். அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் அதன் அருமையை வாய்விட்டுச் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்கிற கூச்சம். இந்தச் சட்டைக்கு விலை என்ன என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஈடு என்ன என்று கேட்டால் அதைச் சொல்ல அந்த ஒரே ஒரு ஆள்தான் சாட்சி. அந்த சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லுவது எந்த நியாயம்? எங்கள் கூட்டத்தில் அந்த அம்மா நாலு பேருக்கு முன்னால் சட்டை என்று சொன்னார்களே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நாபோத்தின் காரியமும் இதுவே. ஆகாப் ராஜா அநியாய விலை கேட்கவில்லை. இதைவிட நல்ல திராட்சத்தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன் என்றுதான் கேட்டான். வியாபாரமாய்ப் பார்த்தால் நல்ல பேரம். நாபோத் மறுத்ததற்கு விலை காரணம் அல்ல, அது அவனுடைய முன்னோர் விட்டுச்சென்ற நிலம். ராஜாவுக்கு அது கீரை போடுகிற இடம். இவனுக்கு அது வேறு. யேசபேல் வந்து பொய்சாட்சி நிறுத்தி அவனைக் கல்லெறிந்து கொன்றது பிற்பாடு நடந்த பாவம். முதல் பாவம், "நல்லதைத்தானே தர்றோம், இவனுக்கு என்ன கேடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தானே, அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. நெய்வேலியில் 1950-களிலிருந்து நிலக்கரிக்காக எத்தனை ஊர்கள் எழுந்து போயின என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். கரண்டு எல்லாருக்கும் வேண்டும், அந்த வெளிச்சத்தில்தான் நானும் இதை எழுதுகிறேன். அதனால் நிலம் எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அரசாங்கச் சட்டத்தைப் பாருங்கள், அதிலேயே ஒரு ஒப்புதல் இருக்கிறது. 1894-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தில் சந்தை விலை போக 15 சதவீதம் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது. 1984-ல் அதை 30 ஆக்கினார்கள். 2013-ம் வருஷத்துச் சட்டத்தில் 100 சதவீதம். அதற்குப் பெயர் ஆறுதல் தொகை. விலை முழுவதும் கொடுத்தாச்சு என்றால் ஆறுதல் எதற்கு? விலை கொடுத்த பிறகும் ஏதோ ஒன்று மீதியாய் நிற்கிறது என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அந்த மீதி எவ்வளவு என்று தெரியாததினால்தான் 15 என்றும் 30 என்றும் 100 என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

ஊர் மாறிப்போன ஒரு பெரியவர் புது வீட்டைக் காட்டி என்னிடத்தில் சொன்னார்: "வீடு இதுதான் நல்லா இருக்கு தம்பி. அங்க எங்கம்மா நட்ட வேப்பமரம் ஒண்ணு இருந்துச்சு. இங்கயும் வேப்பங்கன்னு வெச்சிருக்கேன். வளருது." வளருது என்று சொல்லும்போது அவர் குரலில் குறை இல்லை. ஆனால் முந்தின வாக்கியத்தையும் அவர் விட்டுவிடவில்லை.

சரி, பைக்கு என்னதான் வைப்பது? நான் வீட்டில் செய்துகொண்டதைச் சொல்லுகிறேன், உங்களுக்குப் பிரயோஜனமானால் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதங்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வைத்தேன். ஒரிஜினலை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையின் அடியில் வைத்தேன், அலைச்சல் மிச்சமாகும். என் தகப்பனார் 1988-ல் ஒரு உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொன்ன கேசட் ஒன்று இருக்கிறது. அதில் டேப் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியைப் பிடித்து அதை மாற்றி வாங்கினேன். குரல் கேட்டால் போதும், அது எந்த டப்பாவில் இருந்தால் என்ன? இப்படிப் பிரதி எடுத்தால் தீர்ந்துபோகிறவை பாதி. அம்மாவின் கையெழுத்துள்ள வேதாகமம் அப்படி இல்லை. படம் எடுத்தேன், எடுத்த பிறகும் புத்தகத்தைப் பையில் வைக்கத்தான் வேண்டியிருந்தது.

பெரிய சங்கடம் போட்டோக்களில் வந்தது. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆறு பேர் நிற்கிறார்கள். நாலு பேரை எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்க அத்தையிடம் போனேன். அவர்களுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, கண் மங்கல். படத்தை ஜன்னல் பக்கமாய்ப் பிடித்துப் பார்த்து, "இது பெரியப்பா மவன். காலராவுல போனான். இது..." என்று நிறுத்தி, வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். "நாளைக்கு வா, ஞாபகம் வந்தா சொல்றேன்" என்றார்கள். நான் பென்சிலை எடுத்து, பின்பக்கத்தில் ஐந்து பேருடைய பெயரை எழுதி, ஒரு இடத்தைக் காலியாக விட்டேன். மறுநாள் காலையிலே திரும்பவும் போனேன்.